கூடவே வந்த தொட்டிகள்

2018-ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் வாழும் எங்கள் மகனுடைய குடும்பத்தோடு ஒன்பது நாள்கள் ஒரு வீட்டிற்குள் இருந்தபடியே ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் பயணம் செய்தோம். அந்த வீட்டிற்குச் சக்கரங்கள் இருந்தன. அமெரிக்கர் அதனை 'ஆர்.வி.' என்று சுருக்கமாக அழைப்பர். 28 அடி நீளம். முன்புறம் லாரியைப் போன்ற ஓட்டுநர் அறை, அதன் தலைக்குமேல் ஒரு படுக்கை. பின்புறம் அடுப்பு, குளிர்பெட்டி, உணவு மேசை, மேலும் ஒரு படுக்கை, ஆள் திரும்ப இடமில்லாத ஒரு குளியலறை. இந்த இடத்தில் நாங்கள், மகன், மருமகள், ஒன்பது வயதுப் பேத்தி ஆக ஐவர் வாழ்ந்தோம்.

'நாங்கள்' என்று இங்கே எழுதுவது ஓய்வுபெற்ற ஆசிரியர்களான கணவனும் மனைவியும் சேர்ந்தே. நாற்பது ஆண்டு இல்லறத்திற்குப் பின் எது எவருடைய நினைவு என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

லாஸ் வேகஸ் நகரில் வண்டியை வாடகைக்கு எடுத்தோம். முதல் பாடம் முதல் திருப்பத்திலேயே கிடைத்தது. அடுக்களை அலமாரியின் கொக்கியை யாரோ அழுத்த மறந்திருந்தார்கள். வண்டி வலப்பக்கம் திரும்பவும் கதவு திறந்துகொண்டது. நாங்கள் ஆசையோடு கட்டிவைத்திருந்த அரிசிப்பை சரிந்து வண்டி முழுவதும் மழையாகப் பெய்தது. ஒன்பது நாளும் கூட்டினோம். ஒன்பதாம் நாளும் ஏதோ ஓர் இடுக்கிலிருந்து பத்து மணி அரிசி உருண்டு வந்தது. அன்றிரவே மருமகள் ஒரு தாளில் புறப்பாட்டுப் பட்டியல் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டினாள்: அலமாரிகள், கூரைச் சாளரம், எரிவாயு, மின்வடம், படிக்கட்டு. ஒவ்வொரு காலையும் பேத்தி அதை உரக்க வாசிக்க, நாங்கள் "ஆயிற்று, ஆயிற்று" என்று மறுமொழி சொல்லிய பிறகே வண்டி நகர்ந்தது.

இரண்டாம் பாடம் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்துவதில். இவ்வளவு பெரிய வண்டியில் ஓட்டுநருக்குப் பின்னால் இருப்பது தெரியாது. ஒருவர் இறங்கி நின்று வழிகாட்ட வேண்டும். நாங்கள் நகரப் பேருந்து நடத்துநரை நினைத்துக்கொண்டு, "வரலாம், வரலாம், ஹோல்டான்!" என்று இருபுறமும் நின்று கூவினோம். எங்கள் இருவரின் கூவலும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால் முகாமின் மரத்தூண் ஒன்றில் வண்டி இலேசாக உரசியது. மகன் கோபப்படவில்லை. "கண்ணாடியில் என் முகம் உங்களுக்குத் தெரிந்தால்தான் உங்கள் கை எனக்குத் தெரியும் அப்பா, ஒருவர் மட்டும் நில்லுங்கள்" என்றான். பிறகு அந்தப் பணி மருமகளுக்குப் போயிற்று. அவள் வாயே திறக்காமல் இரு கைகளால் அதை நடத்தினாள்.

நாங்கள் முதலில் தங்கிய பள்ளத்தாக்கின் பெயரை நாம் விவிலியத்தில் 'சீயோன்' என்று வாசிக்கிறோம். அங்குக் குடியேறிய மார்மன் மக்கள் இட்ட அந்தப் பெயர் அமெரிக்கர் நாவில் 'சையன்' ஆகிறது. செம்பாறைச் சுவர்கள் இருபுறமும் எழ, நடுவே வர்ஜின் என்னும் சிற்றாறு ஓடுகிறது. எங்கள் முகாமில் மின்சாரம் உண்டு. கழிவுநீர்க் குழாய் கிடையாது. அதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கவில்லை.

இத்தகைய வண்டியின் வயிற்றில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. ஒன்று நன்னீர், எங்கள் வண்டியில் அது 40 காலன், அதாவது ஏறத்தாழ 150 லிட்டர். இரண்டாவது, பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேர்வது. அதற்குச் சாம்பல்நீர்த் தொட்டி என்று பெயர். மூன்றாவது கழிப்பறைக்கு உரியது, கருநீர்த் தொட்டி. முதல் தொட்டி குறையக் குறைய மற்ற இரண்டும் நிறைகின்றன. இவ்வளவுதான் கணக்கு. ஆனால் குழாயைத் திறந்தால் நீர் வரும், வடிகாலில் விட்டால் போய்விடும் என்று வாழ்நாள் முழுவதும் பழகிய எங்களுக்கு இந்த எளிய கணக்கு பிடிபடவில்லை. அரிசியை மூன்று முறை களைந்தோம். எண்ணெய்ப் பாத்திரத்தைக் குழாயைத் திறந்துவிட்டே தேய்த்தோம். இரண்டாம் நாள் மாலை, குளியலறைத் தளத்தில் சோற்றுப் பருக்கைகளும் கறிவேப்பிலையும் மிதக்க, சாம்பல்நிற நீர் மேலே ஏறி வந்தது. நாங்கள் வெளியேற்றிவிட்டதாக நினைத்த நீர் எங்கும் போகவில்லை. எங்கள் காலடியிலேயே இருந்துவிட்டு, இடமில்லாமல் திரும்பி வந்திருந்தது. மருமகள் பேசாமல் துடைத்தாள். நாங்கள் தண்ணீரைக் கொட்டுவதை இரண்டு நாளாகப் பார்த்தும் மாமனார் மாமியாரிடம் அதைச் சொல்லத் தயங்கியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலை முகாமின் கழிவு இறக்குமிடத்திற்குச் சென்றோம். காரைத் தளம் ஒன்று, அதன் நடுவில் மூடியிட்ட ஒரு துளை, பக்கத்தில் 'குடிப்பதற்கன்று' என்று எழுதிய ஒரு குழாய். எங்களுக்கு முன்னும் பின்னும் வண்டிகள் வரிசையில் நின்றன. மகன் கையுறை அணிந்து, மடிப்பு மடிப்பான குழாய் ஒன்றை இழுத்து வண்டியின் வயிற்றில் பொருத்தினான். பன்னாட்டு நிறுவனத்தில் பொறியாளனாகிய அவன் கருநீர்த் தொட்டியின் முன் முழந்தாளிட்டிருப்பதைச் சாளரத்தின் வழியே கண்டபோது எங்கள் நெஞ்சு பொறுக்கவில்லை. சாளரத்தைத் திறந்து, "தம்பி, இதற்கெல்லாம் இங்கே ஆள் இருக்கமாட்டார்களா? பணம் கொடுத்துவிடலாமே" என்றோம்.

அவன் நிமிராமலே, "இங்கே ஆள் நாம்தான் அப்பா" என்றான்.

எங்களுக்குப் பின்னால் நின்ற வண்டியிலிருந்து எழுபது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர் இறங்கித் தம் கையுறைகளை அணிந்துகொண்டிருந்தார். அவர் மனைவி நீர்க்குழாயைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தார். இருவரும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்க ஊர் வீட்டுல இதை யாரு செய்வாங்க?"

1987-ஆம் ஆண்டு எங்கள் வீட்டு மலக்குழி நிறைந்தபோது ஒருவர் இரவில் வந்தார். பகலில் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்பதால் இரவில் வரச் சொல்லியிருந்தோம். வாளியும் கயிறும் கொண்டு குழியில் இறங்கினார். அரிக்கேன் விளக்கைப் பிடித்தபடி அவருடைய மகன் குழியின் விளிம்பில் நின்றான். பையனை எங்களுக்குத் தெரியும். நாங்கள் பணியாற்றிய பள்ளியில் 7-ஆம் வகுப்பு மாணவன். அவன் எங்களைக் கண்டு வணக்கம் சொன்னான். கையில் விளக்கு இருந்ததால் தலையை மட்டும் தாழ்த்தினான். வேலை முடிய விடியற்காலம் ஆயிற்று. பேசிய கூலியைக் கையில் கொடுக்காமல் படிமேல் வைத்தோம். மறுநாள் அவன் வகுப்பில் உறங்கி விழுந்தான். அவனை எழுப்பி வெளியே நிற்கவைத்தவர் எங்களுள் ஒருவர். மாலையில் அதைக் கேட்டுச் சிரித்தவர் மற்றவர். அதே ஊர், அதே பங்குக் கோவில்; ஞாயிறுதோறும் அவர்கள் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். பையனின் பெயர் நினைவில் இருக்கிறது. தந்தையின் பெயரை நாங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் அது எழுதப்பட்டிருந்திருக்கும்.

பேத்திக்கு, "ஒரு ஆள் வருவார்" என்று மட்டும் சொன்னோம்.

சையனிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, 1930-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு மலைக் குகைப்பாதையைக் கடக்கிறது. நீளம் 1.8 கிலோமீட்டர். அந்தக் காலத்து வண்டிகளின் அளவுக்குக் குடைந்தது. மேற்கூரை வளைவாக இருப்பதால் உயரமான வண்டி தன் பக்கத்தில் சென்றால் இடித்துவிடும். ஆகவே 11 அடி 4 அங்குலத்திற்கு மேல் உயரமுள்ள வண்டிகளிடம் நாங்கள் சென்ற ஆண்டில் 15 டாலர் கட்டணம் வாங்கிக்கொண்டு, எதிர்வரும் வண்டிகளை நிறுத்திவைத்து, நடுச்சாலையில் செல்ல விட்டார்கள். எங்கள் வண்டியின் உயரம் 11 அடி 10 அங்குலம். அது ஓட்டுநரின் கண்ணெதிரே ஒட்டப்பட்டிருந்தது. சொந்த உயரத்தை அங்குலக் கணக்கில் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதும் இப்பயணத்தில் கற்றதுதான்.

அடுத்து பிரைஸ் கேன்யன். அது 8,000 அடிக்கு மேற்பட்ட உயரம். மே மாதத்திலும் இரவில் நீர் உறையும் குளிர். அந்த முகாமில் மின்சாரமும் இல்லை. வண்டியைச் சமமாக நிறுத்தாவிட்டால் எரிவாயுவில் இயங்கும் குளிர்பெட்டி சரியாக வேலை செய்யாது என்பதால், சக்கரத்தின் அடியில் பலகைகளை வைத்து ஏற்ற வேண்டும். பேத்தி மேசைமேல் ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் வைத்து, "இந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று தீர்ப்பளித்தாள். இம்முறை நாங்கள் பாத்திரங்களை முதலில் தாளால் துடைத்தோம். குவளைக் கணக்கில் நீர் ஊற்றிக் கழுவினோம். ஈரத்துணியால் உடல் துடைத்ததே குளியல். இரண்டு நாளில் ஐவருக்கு எவ்வளவு செலவாயிற்று என்று பார்த்தால், தொட்டியில் பாதிக்குமேல் மீதி இருந்தது. செம்மண் தூண்களாக நிற்கும் பாறைக் கூட்டத்தின்மேல் பொழுது விடிந்ததைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எங்களுக்கு அந்த அளவுக்கோட்டைப் பார்த்ததிலும் சிறிது மகிழ்ச்சி இருந்தது என்பதை மறைப்பானேன்?

அந்த மகிழ்ச்சி பேஜ் நகரைத் தாண்டித் தெற்கே வந்தபோது சற்று அடங்கியது. அது நவஹோ மக்களின் நிலம். பாலைவெளியில் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் வீடுகள். திறந்த வண்டிகளின் பின்புறத்தில் பெரிய நெகிழித் தொட்டிகளை ஏற்றிக்கொண்டு சிலர் எதிரே சென்றார்கள். அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக் குழாய்நீர் இல்லை என்றும், மக்கள் தொலைவிலிருந்து நீரை ஏற்றிவந்தே வாழ்கிறார்கள் என்றும் மகன் சொன்னான். நாங்கள் ஒன்பது நாள் விளையாட்டாகச் செய்வதை அவர்கள் ஆண்டு முழுவதும் செய்கிறார்கள்.

கிராண்ட் கேன்யனின் தென்விளிம்பில் இரண்டு இரவுகள் தங்கினோம். அங்கே ஒரு செய்தி எங்களை நிறுத்திவைத்தது. நாங்கள் தொட்டியில் நிரப்பிக்கொண்ட குடிநீர் அந்த விளிம்பின் நீரே அன்று. எதிர்ப்புறத்தில், வடவிளிம்பிற்குக் கீழே பொங்கும் ஓர் ஊற்றிலிருந்து, 1960-களில் பதிக்கப்பட்ட 20 கிலோமீட்டர் குழாய் வழியாகப் பள்ளத்தின் அடிவரை இறங்கி, கொலராடோ ஆற்றைக் கடந்து, மேலே ஏற்றப்பட்டு வருகிறது. 1.6 கிலோமீட்டர் ஆழமுள்ள பள்ளம் அது. குழாய் அடிக்கடி உடையும். ஆள்கள் அந்தப் பாறைகளுக்கிடையே இறங்கிச் செப்பனிடுவார்கள். எங்கோ ஒருவருடைய முதுகு வளையாமல் குவளையில் நீர் வருவதில்லை.

புறப்படும் காலையில் கழிவு இறக்குமிடத்தில் வண்டி நின்றதும், நாங்கள் இருவரும் இறங்கிக் கையுறை கேட்டோம். மகன் மறுத்தான். "நீங்க எதுக்கு? உள்ளே இருங்க" என்றான். அவனுக்கும் எங்களைப் பார்க்கப் பொறுக்கவில்லை போலும். சிறிது நேரம் கையுறையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மூவரும் நின்றோம். பிறகு கொடுத்துவிட்டான். முதலில் கருநீரைத் திறக்க வேண்டும். சாம்பல்நீரைப் பின்னர் விட்டால் அதுவே குழாயைக் கழுவிவிடும். முறை மாறக்கூடாது. குழாயின் முனை துளையிலிருந்து நழுவாமல் காலால் அழுத்திக்கொள்ள வேண்டும். நாற்றம் நினைத்த அளவு இல்லை. ஒலிதான் மறக்க முடியாதது. முழுவதும் முடியப் பத்து நிமிடம் ஆயிற்று. ஒருவர் குழாயைப் பிடிக்க மற்றவர் தளத்தைக் கழுவிவிட்டோம். பேத்தி சாளரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிற்பாடு வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் அவளை அருகில் அமர்த்தி, விளக்குப் பிடித்து நின்ற பையனைப் பற்றிச் சொன்னோம். "அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்ல?" என்று கேட்டாள். "வந்தது" என்றோம்.

லாஸ் வேகஸில் வண்டியை ஒப்படைத்தபோது தொட்டிகள் காலியா என்று சோதித்தார்கள். காலிதான். மரத்தூணில் உரசிய கீறலுக்குப் பணம் பிடித்துக்கொண்டார்கள்.

அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் ஊர் வீட்டு மலக்குழி நிறைந்தது. இப்போதெல்லாம் உறிஞ்சும் லாரி வருகிறது. குழாய் போட்டு இழுத்தார்கள். அடியில் இறுகிக் கிடந்த கசடு வரவில்லை. லாரியோடு வந்தவர், முப்பது வயதிருக்கும், சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஐயா, ஐந்நூறு சேர்த்துக் கொடுங்க, இறங்கி அள்ளிடறேன்" என்றார். பாதுகாப்புக் கருவிகளின்றி மலக்குழியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அவ்வாறு இறந்தவர்களின் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023-இல் அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. நாங்கள் இறங்க வேண்டாம் என்றோம். "எத்தனையோ வீட்ல இறங்கியிருக்கேன், ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். வேண்டாம் என்று மீண்டும் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. அந்த ஐந்நூறு அவருக்குத் தேவையாக இருந்திருக்க வேண்டும். இறங்காமலே கொடுக்க முன்வந்தோம். அவர் வாங்கவில்லை.

குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தவரிடம் பெயர் கேட்டோம். அவர் சற்று யோசித்துவிட்டு, லாரி உரிமையாளரின் தொலைபேசி எண்ணைச் சொன்னார்.