நந்தியாவட்டையில் ஒரு விருந்தாளி

எங்கள் வீட்டு நந்தியாவட்டைக்கு வயது 30-க்கு மேல் ஆகிறது. அம்பாசமுத்திரத்தில் என் மாமனார் வீட்டை விற்றபோது, என் மனைவி அங்கிருந்து கேட்டு வாங்கி வந்தது ஒரு பித்தளைக் குத்துவிளக்கும் இந்தச் செடியின் ஒரு கொப்பும்தான். பாளையங்கோட்டையில் நாங்கள் வீடு கட்டியதும் அதைக் கிணற்றடியில் ஊன்றினாள். அம்பாசமுத்திரத்து வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு ஜவுளிக்கடை. ஆகவே இந்தச் செடியில் நாலு இலை குறைந்தாலும் எங்கள் வீட்டில் விசாரணை நடக்கும்.

போன ஐப்பசியில் நல்ல மழை பெய்து ஓய்ந்த சமயம், ஒரு கிளை முழுக்க மொட்டையாகிவிட்டது. ஆடு வந்து மேய்ந்திருக்கும் என்றாள் மனைவி. கேட் பூட்டித்தான் இருந்தது. கீழே சிமெண்டுத் தரையில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கரும்பச்சை உருண்டைகள் சிதறிக் கிடந்தன. எலிப் புழுக்கை இல்லை, புழுவின் எச்சம். எச்சமே இத்தனை பெரிது என்றால் போட்ட ஆளும் சாமானியன் இல்லை என்று, அந்த உருண்டைகளுக்கு நேர் மேலே இலை இலையாகப் பார்த்தேன்.

மூன்று இருந்தன. பெரியது மூன்று அங்குல நீளம், என் சுண்டுவிரல் பருமன். உடம்பெல்லாம் நந்தியாவட்டை இலையின் அதே பச்சை. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டி உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். வால் பக்கம் மஞ்சளாக ஒரு சின்னக் கொம்பு. ஒரு குச்சியால் கிளையை லேசாகத் தட்டினேன். தலையை உள்ளே இழுத்துக்கொண்டு கழுத்துப் பக்கத்தை உப்பியது பாருங்கள், இரண்டு பெரிய நீலக் கண்கள் எங்களை முறைத்தன!

தீபாவளிக்கு வந்திருந்த பேத்தி, "தாத்தா, பாம்புக்குட்டி!" என்று அலறி உள்ளே ஓடிவிட்டாள். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது விஷப்புழுல்லா. எங்கிட்ட மருந்து இருக்கு, கொண்டாரட்டுமா?" என்றார்.

"சாமிக்குப் பறிக்கிற பூவுல மருந்து அடிக்கவா?" என்றாள் என் மனைவி. என்னைப் பார்த்து, "பிள்ள விளையாடுற இடம். கடிக்குமா, கடிக்காதா, அத முதல்ல பார்த்துச் சொல்லுங்க. பொறவு மருந்தப் பத்திப் பேசுவோம்" என்றாள்.

தபால் இலாகாவில் 36 வருஷம் இருந்தவனுக்கு ஆளின் முகத்தைவிட முகவரிதான் முக்கியம். புழுவுக்கு முகவரி அது தின்னும் செடி. பெரும்பாலான புழுக்கள் கண்ட இலையையும் தின்பதில்லை. பரம்பரையாக ஒரு குடும்பத்துச் செடிகளையே தேடிப் போகும். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முதலில் பறவை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருந்து, பிறகு பச்சையாக மாறும் புழுவைப் பார்த்திருப்பீர்கள். சீண்டினால் செம்மஞ்சளாக ஒரு கவட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் கிளப்பும். எருக்கில் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஒன்று உண்டு. இரண்டுமே வண்ணத்துப்பூச்சியாகப் போகிறவை.

நந்தியாவட்டையும் அரளியும் ஒரே குடும்பம். அந்த இரண்டையும் தின்கிற, நீலக் கண்ணும் வால் கொம்பும் உள்ள பச்சைப் புழு என்று தேடினால் வருவது ஒரே பெயர்தான். ஆங்கிலத்தில் 'ஓலியாண்டர் ஹாக் மாத்'. ஓலியாண்டர் என்றால் அரளி. ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1758-லேயே இதைப் பெயர் சொல்லிப் பதிவு செய்துவிட்டார். இதற்குக் கொட்டும் முடி கிடையாது. வால் கொம்பு முள்ளும் இல்லை, விஷமும் இல்லை. அந்த நீலக் கண்கள்கூட நிஜக் கண்கள் அல்ல, கொத்த வரும் பறவையை மிரட்டத் தோலில் உள்ள வெறும் பொட்டுகள். நிஜக் கண்கள் தலையில், கடுகைவிடச் சின்னதாக இருக்கின்றன.

பயப்பட வேண்டியது முருங்கை மரத்துக் கம்பளிப்பூச்சிக்கு. மழைக்குப் பின் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக் கிடக்கும். சின்ன வயதில் எங்கள் ஐயா தீப்பந்தம் கொளுத்திக்கொண்டு போவார். அது மேலே பட்டுவிட்டால் சொறியக் கூடாது. சொறிந்தால் முடி இன்னும் உள்ளே போகும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தெடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

விவரத்தைச் சொன்னதும் என் மனைவி கொஞ்ச நேரம் செடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வீட்டுச் செடி அல்லவா. "தின்னது தின்னதுதான். அந்தக் கிளை அதுக்கு இருக்கட்டும், மத்தது சாமிக்கு. அடுத்த கிளைக்கு வந்துச்சுன்னா எடுத்து ரோட்டோரத்து அரளியில விட்டுருங்க" என்று தீர்ப்பு சொன்னாள். மருந்து டப்பா மதிலுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது.

மூன்றில் இரண்டைக் காணோம். அடிக்கடி வந்து போகும் கொண்டைக்குருவிமேல்தான் எனக்குச் சந்தேகம். நீலக் கண் அதனிடம் பலிக்கவில்லை போலும். மிச்சமிருந்த பெரியது ஒருநாள் பச்சை போய்ப் பழுப்பாகிவிட்டது. செத்துப்போகிறது என்று பேத்தி அழுதாள். கூட்டுப்புழு ஆகப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இறங்கி வந்து, உதிர்ந்த சருகுக்குள் நுழைந்துகொண்டது. அந்தச் சருகைக் கூட்டக் கூடாது என்று வேலைக்கு வரும் அம்மாவிடம் மனைவியே சொல்லிவைத்தாள்.

பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், கிணற்றுச் சுவரில் விட்டில்பூச்சி ஒன்று இறக்கையை விரித்து உட்கார்ந்திருந்தது. பச்சை, வெள்ளை, கொஞ்சம் ரோஸ் எல்லாம் கலந்து, பட்டாளத்துச் சட்டைத் துணி போல இருந்தது. பேத்தி அதற்குள் ஊருக்குப் போய்விட்டாள். வீடியோவில் காட்டினால் நம்பவே மாட்டேன் என்றாள். இருட்டியதும் அது உடம்பை நடுக்கி, சூடேற்றிக்கொண்டு, பவளமல்லிப் பக்கமாகப் பறந்து போனது.

மொட்டைக் கிளை கார்த்திகைக்குள் துளிர்த்துவிட்டது. இப்போதெல்லாம் பூப்பறிக்கும்போது மனைவி குனிந்து முதலில் தரையைத்தான் பார்க்கிறாள், உருண்டை கிடக்கிறதா என்று.