காந்தம் ஒட்டாத பொனற்

மாமாவின்ர மின்சாரக் காரின் பொனற்றில் தேங்காய் விழுந்தது. தென்னைக்குக் கீழ காரை விடாதையுங்கோ எண்டு மாமி சொல்லாத நாளில்லை. அது வேற கதை.

பள்ளம் பெரிசில்லை. வழமையாகப் போகிற ரிங்கர் கராஜுக்குப் போனோம். அங்கத்தைய அண்ணை பழைய ஸ்பீக்கரில் கழற்றின காந்தம் ஒன்றைப் பொனற்றில் வைத்தார். வழுக்கி விழுந்தது. இன்னொரு இடத்தில் வைத்தார். அங்கேயும் ஒட்டவில்லை. விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, இது அலுமினியம். நான் தொடமாட்டன். கொழும்புக்குக் குடுங்கோ, இல்லாட்டிப் புதுசு போடுங்கோ."

முப்பது வருசம் தகரம் அடித்த மனிதர் ஏன் பின்வாங்கினார்? பிறகு விளக்கினார். இரும்பைச் சூடாக்கினால் சிவக்கும். நிறத்தைப் பார்த்தே நிறுத்தலாம். அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும், ஆனால் அதுவரைக்கும் நிறம் காட்டாது. சூடு காணுமோ எண்டு பார்த்துக்கொண்டு நிற்கவே ஓட்டை விழுந்திடும். சூடாக்காமல் அடித்தால் இறுகி வெடிக்கும். இரும்புக்குப் பாவித்த சுத்தியலால் அடித்தால் இரும்புத் துகள் பதிந்து, பிறகு அந்த இடம் அரிக்கும். அதுக்கெண்டு தனிச் சாமான் வேணும், தனி இடமும் வேணும்.

கார் செய்கிறவர்களைக் குறை சொல்லவும் ஏலாது. முதலில் வந்த நிசான் லீஃபின் பற்றறி மட்டும் ஏறக்குறைய 300 கிலோ. அந்தப் பாரத்தை எங்கேயாவது ஈடுசெய்ய வேண்டும். ஒரே கன அளவில் அலுமினியம் இரும்பின் மூன்றில் ஒரு பங்கு நிறைதான். வளையாமல் இருக்கத் தகட்டைத் தடிப்பாக்கினாலும் ஏறத்தாழப் பாதி மிச்சம். 2013இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 இன்னும் ஒரு படி மேலே போய், ஆட்கள் இருக்கிற கூட்டைக் காபன் ஃபைபரிலும் வெளித்தகடுகளைப் பிளாஸ்ரிக்கிலும் செய்தது. அதற்கு முன்பே, 2001இல், பெங்களூரின் ரேவா பிளாஸ்ரிக் உடம்போடு ஓடியது. ரேவாவின் முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் கனபேர். எனக்கு இப்ப அது வடிவாத்தான் தெரியுது.

ஆனால் மாமா ஓடுகிறது காரைநகருக்கும் யாழ்ப்பாண ரவுணுக்கும் இடையில். பொனற்றில் மிச்சம் பிடித்த சில கிலோவால் அவருக்கு என்ன லாபம்? ஒருக்கா சார்ஜ் பண்ணினால் எத்தனை தரமும் போய்வரலாம். அவருக்கு வேண்டியது பொன்னாலைப் பாலத்து உப்புக் காற்றைத் தாங்குகிற, பக்கத்து ஊரில் திருத்தக்கூடிய தகடு. உப்பு விசயத்தில் நான் அலுமினியத்தின் பக்கம்தான். அவருடைய பொனற்றில் கறள் இல்லை, கீழே இரும்பில்தான் கறள். ஆனாலும் இரும்பு ஆணியும் அலுமினியமும் தொடுகிற இடத்தில் வெள்ளைத் தூள் பூக்கத் தொடங்கியிருக்கு.

1990இற்குப் பிறகு பொருளாதாரத் தடைக்குள் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின கதையை எங்கட வீடுகளில் எல்லாரும் சொல்லுவினம். எஞ்சின் கதையைத்தான் சொல்லுவினம். உடம்பு எப்படித் தப்பியது எண்டு யாரும் சொல்கிறதில்லை. வெட்டி, ஒட்டி, அடித்து எடுக்கக்கூடிய தடித்த இரும்பு அது. தகரம் கிடைத்தால் காணும், கொழும்பு தேவையில்லை.

நான் கலைப்பீடம், பொருளியல் வகுப்பில் இறக்குமதி எண்டால் வரைபடம்தான். 2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் திறந்த பிறகு கதையெல்லாம் வரி, விலை, சார்ஜுக்கு எத்தனை கிலோமீற்றர். "வெளித்தகடு என்ன?" எண்டு கேட்டு வாங்கினவரை நான் காணவில்லை. மாமாவும் கேட்கவில்லை.

காரைநகரில் இது இன்னும் விசித்திரம். 1960களின் பிற்பகுதியில் நோர்வே உதவியோடு தொடங்கின சீநோரில் ஃபைபர்கிளாஸ் வள்ளம் செய்த ஊர் இது. பாய் விரித்து, ரெசின் பூசி, காய்ந்ததும் தேய்க்கிற வேலை கரையோரம் முழுக்கத் தெரியும். பொனற், மட்காட் மாதிரிக் கழற்றிப் பூட்டுகிற தகடுகளுக்கு அது போதும் எண்டு நினைக்கிறன். அடிபட்டால் ஆளைக் காக்கிற சட்டகம் வேற, அதில் கை வைக்கக் கூடாது. ஆனால் உடைந்த வள்ளங்கள் கரையில் உக்காமல் கிடக்கிறதையும் பார்த்திருக்கிறன்.

மாமா புதுசுக்குச் சொல்லிவிட்டார். விலையை மாமிக்குச் சொல்லவில்லை. கராஜ் அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, பழைய பொனற்றை எறியாமல் இஞ்ச கொண்டந்து தாங்கோ, அடிச்சுப் பழகிப் பாப்பம்" எண்டார்.