கூதிர்

இலையுதிர் காலத்தை நம் பிள்ளைகள் படத்தில்தான் கற்கிறார்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு மரம், கீழே சருகுக் குவியல், கம்பளிச் சட்டை போட்ட ஒரு சிறுவன். பக்கத்திலேயே மாதங்களும் அச்சாகியிருக்கும்: செப்டம்பர் முதல் நவம்பர் வரை. எங்கள் சிவகங்கைச் சீமையில் அந்த மாதங்களில் எந்த மரமும் அப்படி நிற்பதில்லை. வேம்பு இலை கொட்டுவது மாசியில். பங்குனிக்குள் தளிர்த்துப் பூக்கவும் தொடங்கிவிடும்.

நான்காம் வகுப்பில் படிக்கும் மகள் ஒரு புரட்டாசி மாலையில் கொல்லையைப் பார்த்துக் கேட்டாள்: "எல்லா மரமும் கொட்டுற காலந்தானப்பா இது? நம்ம வேம்புக்கு ஏதும் சீக்கா?" அவள் புத்தகத்தைச் சந்தேகிக்கவில்லை, மரத்தைச் சந்தேகித்தாள். அது என்னை வெகுவாகத் தொந்தரவு செய்தது.

தமிழ் ஆண்டை ஆறாகப் பகுத்தது. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். நெடுநல்வாடையின் இரவு கூதிர் இரவுதான். அந்தச் சொல் ஏட்டோடு போய்விடவில்லை. "கூதலடிக்குது, போத்திக்க" என்று என் அம்மா இன்றும் பேரனிடம் சொல்கிறார். ஆனால் பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் ஆட்சியரின் விடுமுறை அறிவிப்பாகச் சுருங்கிவிட்டது. மழை வருமா என்பதற்கு வானத்தைப் பார்ப்பதில்லை, கைப்பேசியைப் பார்க்கிறார்கள்.

அதனால் அந்த ஐப்பசி முழுவதும் இருவரையும் கண்மாய்க் கரைக்கு அழைத்துப் போனேன். பாடம் எதுவும் நடத்தவில்லை. முதல் மழைக்கு மறுநாள் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் ஊர்ந்தன. மகன் ஒன்றை உள்ளங்கையில் வாங்கி, அது கால்களை மடக்கிக்கொண்டதும் மூச்சுவிடாமல் காத்திருந்தான். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. ஈரத்தரையில் வாலாட்டிக் குருவி நடந்து திரிந்தது. தலைக்கு மேலே மஞ்சள் தட்டான்கள் கூட்டமாய் மிதந்தன. நன்னீர் அரிதான மாலத்தீவில் ஒவ்வோர் அக்டோபரிலும் இவை திரளாக வந்திறங்குவதைக் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடலுயிர் ஆய்வாளர், இவை இந்தியாவிலிருந்து கடல் தாண்டிக் கிழக்கு ஆப்பிரிக்கா செல்கின்றன என்று 2009-இல் எழுதினார். இதைச் சொன்னதும் மகன் கையிலிருந்த நூலைக் கீழே போட்டுவிட்டான். தட்டானின் வாலில் கட்டக் கொண்டுவந்த நூல் அது.

வேலியோரத்தில் செங்காந்தள் பூத்திருந்தது. புதிதாய் விரிந்த இதழில் பச்சை இன்னும் போகவில்லை. அடுத்த பூவில் அடிப்பாகம் மஞ்சள், நுனி சிவப்பு. அதற்கும் மூத்தது முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயது. புத்தகத்து மரம் ஒரு பருவம் முழுக்கச் செய்வதை இந்தப் பூ சில நாட்களில் செய்துவிடுகிறது. தொடாமல் பாருங்கள், கிழங்கெல்லாம் நஞ்சு என்று மட்டும் எச்சரித்தேன். மகள் குனிந்து வெகுநேரம் எண்ணிக்கொண்டிருந்தாள்.

படத்து இலையுதிர் காலம் எந்த ஆண்டும் தவறாமல் வந்துவிடும். நம் கூதிருக்கு அந்த உறுதி இல்லை. 2016-இல் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. அவ்வாண்டு இதே வேலியில் இந்தக் கொடி தலைகாட்டவில்லை. மகள் அப்போது கைக்குழந்தை. இதைக் கேட்டவள், "அப்ப தட்டானெல்லாம் எங்க போச்சு?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை. ஒரு பருவம் வராமலும் போகலாம் என்பதை அவள் முதன்முறையாக நினைத்துப் பார்க்கிறாள் என்பது மட்டும் புரிந்தது.

இப்போது ஆவணி பிறந்ததுமே அவள் வடகிழக்கு மூலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறாள். மேகம் தென்படாத நாட்களில் அவளுக்குக் கவலை வந்துவிடுகிறது. அந்தக் கவலையும் இந்த மண்ணின் சொத்துதான் என்று நான் தேற்றாமல் விட்டுவிடுகிறேன்.