பட்டியலில் நான் எழுதாத பெயர்

எங்கள் சபையின் மாதாந்திர ஊழியப் பட்டியலைப் பல வருடங்களாக நான்தான் தயாரித்து வந்தேன். செய்தி, ஆராதனை நடத்துதல், வேதவாசிப்பு, காணிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்கும். கடைசி வரியில் ‘நாற்காலி, ஒலிபெருக்கி, துப்புரவு’ என்று போட்டு, எதிரே ‘மற்றவர்கள்’ என்று முடித்துவிடுவேன். அந்த ‘மற்றவர்கள்’ பெரும்பாலும் ஒரே ஒருவர். அவர் பெயரை நான் மறக்கவில்லை. தெரிந்தேதான் விட்டேன்.

நாங்கள் கூடுவது மலேசியாவின் சிம்பாங் அம்பாட்டில் ஒரு கடைவீட்டு மாடியில். வார நாட்களில் அங்கே டியூஷன் நடக்கும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கீழறையிலிருந்து நாற்காலிகளையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் படியேற்றி, ஆராதனை முடிந்ததும் மறுபடி இறக்க வேண்டும். அந்த அண்ணன் பத்து காவான் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து நேராக வருவார். வயது அறுபதை நெருங்கியிருந்தது. மைக் வயர்களை முறுக்கு விழாமல் சுற்றி, பழைய சைக்கிள் டியூப்பிலிருந்து வெட்டிய வளையம் போட்டு வைப்பார். ஒவ்வொரு வயர் முனையிலும் டேப் ஒட்டி, அது எந்தத் துவாரத்துக்கு உரியது என்று தமிழில் எழுதியிருப்பார். நான் வந்து மைக்கைப் பிடிக்கும்போது எல்லாம் தயாராக இருக்கும். ஆராதனை நடத்துபவன் நான்.

ஒருநாள் அவர் கேட்டார்: “தம்பி, அடுத்த மாசப் பட்டியல்ல என் பேரையும் போடுவியா? பேத்தி எழுத்துக்கூட்டிப் படிக்கிறா. காட்டலாம்னு ஆசை.”

நான் சொன்ன பதில்: “ஆண்டவருக்குத் தெரியும் அண்ணே. அது போதாதா?”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கேட்பதற்குப் பக்தியாக இருந்த அந்தப் பதிலுக்குள் இருந்தது பொறாமை. அவர் பெயர் என் பெயருக்குக் கீழே வந்துவிட்டால், பாட்டு நடத்துவதும் நாற்காலி போடுவதும் ஒரே ஊழியத்தின் இரண்டு வேலைகள் என்று ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கவில்லை. அதை மறைக்க ஆண்டவரின் பெயரை எடுத்துக்கொண்டேன்.

இதற்குச் சில மாதங்கள் கழித்து, வேதபாட வகுப்பில் எண்ணாகமம் நடத்தும் பொறுப்பு எனக்கு வந்தது. லேவி கோத்திரத்தின் மூன்று வம்சங்களுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கும் நான்காம் அதிகாரம். கோகாத் வம்சத்தார் உடன்படிக்கைப் பெட்டி, மேஜை, குத்துவிளக்கு, பலிபீடங்களைச் சுமக்க வேண்டும். கெர்சோன் வம்சத்தாருக்குத் திரைகளும் மூடுதிரைகளும். மெராரி வம்சத்தாருக்குப் பலகைகள், தாழ்ப்பாள்கள், தூண்கள், பாதங்கள், முளைகள், கயிறுகள். இந்த மெராரியருக்குச் சொல்லும் இடத்தில்தான், சுமக்க வேண்டிய பொருட்களைப் பேர்பேராகக் குறித்து ஒப்புவிக்கும்படி கட்டளை வருகிறது. பாலைவனத்து மண்ணில் அடிக்கும் முளைக்கும் இழுத்துக் கட்டும் கயிற்றுக்கும் கணக்கு வேண்டுமென்று கேட்டவர், எல்லாம் அறிந்த அதே ஆண்டவர். அவருக்குத் தெரியும் என்பது, நாம் எழுதாமல் விடுவதற்குச் சாக்கு ஆகாது. பாடத்துக்குத் தயாரிக்கையில் அந்த வசனத்தில் என் விரல் நின்றது. வகுப்பில் அதை வாசிக்காமல் தாண்டிப்போனேன். அண்ணன் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

அதன்பின் அந்தப் பகுதி என்னை விடவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வெள்ளிப் பாதங்கள் நூறு. ஒவ்வொன்றும் ஒரு தாலந்து, ஏறக்குறைய 34 கிலோ. அவை மெராரியர் பொறுப்பு. இஸ்ரவேலின் தலைவர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த 6 வண்டிகளில் 4 வண்டிகளையும் 8 மாடுகளையும் மோசே மெராரியருக்கே கொடுத்தார். கெர்சோனியருக்கு 2 வண்டி, 4 மாடு. மேன்மையான பொருட்களைச் சுமந்த கோகாத்தியருக்கு வண்டியே இல்லை. தோளில்தான் சுமக்க வேண்டும். யாருக்குப் பாரம் அதிகமோ அவருக்கு வசதி அதிகம். எங்கள் சபையில் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்தபோது புதிய கீபோர்டு வாங்கச் சொல்லி வாதாடியவன் நான். பெட்டி தூக்க ஒரு தள்ளுவண்டி வாங்கலாமா என்று யாரோ கேட்டார்கள். அது அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அப்படியே மறைந்தும் போனது.

இன்னொன்று என்னை அதிகம் வெட்கப்படுத்தியது. லேவியர் ஐம்பது வயதில் பாரச் சுமையை இறக்கிவைத்துவிட்டு, சகோதரரோடு காவல் காத்துத் துணைநிற்க வேண்டும் என்பது எட்டாம் அதிகாரத்துப் பிரமாணம். அந்தக் கணக்கில் பெட்டியைத் தூக்க வேண்டிய வயது எனக்கு. ஓய்ந்திருக்க வேண்டிய வயது அவருக்கு.

கோராகின் கதையை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவனும் கோகாத்தியன்தான். கையில் இருந்த மேன்மை போதாமல், 250 தலைவர்களைச் சேர்த்துக்கொண்டு ஆசாரியத்துவத்துக்கே கைநீட்டினான். பெருமை கீழ்வரிசையில் பிறந்ததாக அங்கே எழுதப்படவில்லை. பரிசுத்த பொருட்களுக்கு மிக அருகில் நின்றவனிடம்தான் பிறந்தது. அவன் பிள்ளைகளோ சாகவில்லை. பின்னாளில் அவன் சந்ததியார் ஆலய வாசல்காவலராக நின்றதையும் வேதம் பதிவு செய்கிறது. தாவீதின் நாளில் பாடகர் குழுவுக்கு நின்ற தலைவர்களைப் பாருங்கள்: கோகாத்திலிருந்து ஏமான், கெர்சோனிலிருந்து ஆசாப், மெராரியிலிருந்து ஏத்தான். முளையும் கயிறும் சுமந்தவர்களின் வம்சம் பாட்டையும் நடத்தியது.

உழைப்பவரின் பெயரை விட்டுவிடும் இந்த வியாதி தமிழ்ச் சபைக்குப் புதிதும் அல்ல. 1733-இல் தரங்கம்பாடியில் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். அதே காலத்தில் தஞ்சைப் பகுதியில் பாடுபட்ட உபதேசியார் இராஜநாயக்கனுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. அவர் பறையர் குலத்தவர் என்பது அதற்கு ஒரு காரணமாக நின்றது. 1741-இல் அவருக்குப் பதிலாக அபிஷேகம் பெற்றவர் தியோகு. எழுத வேண்டிய பெயரை எழுதாமல் விட்ட கை எங்கள் வரலாற்றில் அப்போதே இருந்தது. தோட்டக் காட்டில் எங்கள் பாட்டன்மார் கட்டிய சிறு ஜெபவீடுகளுக்கும் அந்தப் பழக்கம் கப்பலேறி வந்தது. அதைக் கண்டித்துப் பேசியிருக்கிறேன். அதையே வேறு விதமாகச் செய்துகொண்டும் இருந்தேன்.

ஒரு ஞாயிறு மாடிக்குப் போனபோது நாற்காலிகள் இல்லை. அண்ணனுக்கு முதுகெலும்புக் கோளாறு, பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம். அவருக்கு உடம்பு முடியவில்லை என்று கேள்விப்படுமுன், ‘இன்றைக்கு யார் நாற்காலி போடுவது?’ என்றுதான் என் மனம் கேட்டது. இதையும் சொல்லியாக வேண்டும்.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். “விடு தம்பி” என்றார். பட்டியலில் இப்போது நாற்காலிக்கும் வயருக்கும் துப்புரவுக்கும் ஆள் பெயர் இருக்கிறது. அதில் என் பெயரும் முறை வைத்து வருகிறது. தள்ளுவண்டி வாங்கியாயிற்று. வயர் கட்டும் விதத்தை அண்ணன் உட்கார்ந்தபடி வாலிபருக்குச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த வரிசையில் முதல் பெயர் அவருடையது.

ஆனாலும் நான் செய்தது பாதி மனந்திரும்புதல்தான். அவர் பெயரை மறைத்தது முழுச் சபைக்கும் முன்பாக. மன்னிப்புக் கேட்டதோ அவர் வீட்டு வரவேற்பறையில், வேறு யார் காதிலும் விழாமல். இதை எழுதப்போவதாகச் சொல்லி, பெயரைப் போடலாமா என்று கேட்டேன். “ஊருக்கு வேணாம் தம்பி, சபைக்குச் சொன்னாப் போதும்” என்றார். ஆகவே வரும் ஞாயிறு, பாடல் தொடங்குமுன் இதை அவர் பெயரோடு சபையில் வாசிப்பேன். பட்டியல் எழுதும் பொறுப்பு யார் கையில் இருந்தாலும், தயவுசெய்து கடைசி வரியை ஒருமுறை பாருங்கள்.