பம்பரமும் பந்தும்

உங்கள் வீட்டிலும் கூச்ச சுபாவமுள்ள பிள்ளை ஒருவன் கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுதிக் கொண்டிருக்கலாம். காரியாலயத்தில் என் மேஜைக்கு அப்படிப்பட்ட கதைகள் நிறைய வருகின்றன. திரும்பிப் பாராத ஒரு பெண். கடைசி வரியில் கதாநாயகன் பிராணனை விட்டாக வேண்டும்! சிரிக்காதீர்கள். எழுதியவனுக்கு அது கதையல்ல, காயம்.

டென்மார்க் தேசத்து ஆண்டர்சனைக் கேளுங்கள். 1830-ல் அவருக்கு வயது 25. ரீபோர்க் என்ற பெண்ணிடம் நேரில் சொல்ல நா எழாமல், மனசைக் கடிதத்தில் கொட்டினார். அவளோ வேறொருவரை வரித்திருந்தாள். மறு வருஷமே மணந்து கொண்டாள். 1843-ல் கணவன், குழந்தைகளோடு அவளைச் சந்தித்தார். அந்த வருஷந்தான், பந்தைக் காதலித்த பம்பரத்தின் கதை வெளிவந்தது. பந்தோ, ஒரு குருவியோடு ஏறக்குறைய நிச்சயமாகி விட்டதென்று தட்டிக் கழிக்கிறது! அழுதவர், தம்மைப் பார்த்தே சிரிக்கப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

மறந்தாரா? 1875-ல் அவர் காலமானபோது, மார்பில் கிடந்த தோல் பையில் அவள் எழுதிய கடிதம் இருந்ததாம்!

ஆகவே, "மறந்துவிடு" என்று புத்தி சொல்லாதீர்கள். ஞாபகம் பையில் இருக்கட்டும், பேனா ஓடட்டும். கதவைத் தட்டி, ஒரு டம்ளர் காப்பியை மட்டும் வைத்துவிட்டு வாருங்கள்.