வராததையும் எழுதிவைப்பவர்கள்

இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் நாட்டின் பிரஸ்லின் தீவை அடுத்து இருக்கிறது கசின் தீவு. பரப்பு ஏறத்தாழ 27 ஹெக்டேர். எழுபது ஏக்கர்கூடத் தேறாது. நடுவே தாழ்ந்த கருங்கல் குன்று, ஓரத்தில் மணல், இடைப்பட்டதெல்லாம் காடு. ஊரும் விடுதியும் கிடையாது. இரவில் அங்கே தங்குபவர்கள் தீவுக் காவலர்களும், பருவத்துக்கு வந்து போகும் ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும்தான். பகலில் பார்க்க வருகிறவர்கள் தங்கள் படகில் கரையேற முடியாது. வந்த படகு தள்ளி நிற்க, தீவின் படகு போய் அவர்களை ஏற்றிக்கொண்டு, அலையின் போக்குப் பார்த்து வேகமெடுத்து மணல்மேல் ஏறுகிறது. வெளிப்படகு ஒன்றில் ஒளிந்து வரும் ஓர் எலி இறங்கிவிட்டால் தரையில் கூடு கட்டும் பறவைகளின் கதி என்ன ஆகும் என்பதே இந்த ஏற்பாட்டுக்குக் காரணம். இறங்கியதும் கொசுக்கடி, எச்சத்தின் நெடி, தலைக்கு மேலே ஓயாத பறவைச் சத்தம். கூடே இல்லாமல் வெறும் கிளையின் பள்ளத்தில் ஒற்றை முட்டையை வைத்து அடைகாக்கும் வெள்ளை ஆலாவைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். இவ்வளவு நிறைந்த இடத்தில் ‘எத்தனை பறவை இருக்கிறது?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. காவலர்களின் வேலையைக் கவனித்தால், இருப்பதை எண்ணுவதைவிடக் கடினமான ஒன்றை அவர்கள் செய்வது தெரிகிறது. ஒன்று இல்லை என்று நம்பத்தக்கபடி சொல்கிறார்கள். தீவுக் காவல் என்ற தொழிலின் உயிர்நாடி இதுதான் என்பது என் கருத்து.

இதற்கு முதல் சான்று செஷல்ஸ் கதிர்க்குருவி. உள்ளங்கைக்குள் அடங்கும், மங்கிய பழுப்பு நிறச் சிறு பறவை. 1960களில் உலகத்தில் முப்பதுக்கும் குறைவாகவே எஞ்சியிருந்தது. அந்த எஞ்சியவையும் கசினில் மட்டும்தான். அப்போது தீவு முழுக்கத் தென்னந்தோப்பு. இன்று பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல் என்று பெயர் பெற்றிருக்கும் பறவைப் பாதுகாப்பு அமைப்பு 1968இல் தீவை விலைக்கு வாங்கி, தென்னைகளை வெட்டிக் குறைத்து, பழைய காடு எழும்ப வழிவிட்டது. இந்தக் குருவி இலையின் அடிப்பக்கத்தில் இருக்கும் பூச்சியைத்தான் தின்னும். அகன்ற இலை கொண்ட மரங்கள் திரும்பியதும் குருவியும் பெருகியது. 1980களின் தொடக்கத்தில் முந்நூறைத் தாண்டியது. பிறகு 1988இல் அரீட், 1990இல் கசீன் (கசின் அல்ல, வேறு தீவு), 2004இல் டெனிஸ், 2011இல் ஃபிரிகேட் என்று வேறு தீவுகளுக்கும் பறவைகள் கொண்டுபோய் விடப்பட்டன. 2015இல் இந்த இனம் அழிவு அபாயப் பட்டியலில் கீழ்ப்படிக்கு இறக்கப்பட்டது. இந்த வெற்றிக் கதையைப் பலரும் சொல்கிறார்கள். அதன் அடியில் இருக்கும் அன்றாட வேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கசினில் அநேகமாக ஒவ்வொரு கதிர்க்குருவியின் காலிலும் வண்ண வளையங்கள் உண்டு. எந்த நிறம் எந்தக் காலில், மேலே எது கீழே எது என்பதை வைத்துத் தனித்தனியே அடையாளம் சொல்லலாம். இலைக்கூட்டத்துக்குள் ஒரு கணம் தெரிந்து மறையும் காலில் சிவப்பா ஆரஞ்சா என்று பிரித்தறிய, தொலைநோக்கி மட்டும் போதாது. அந்தப் புதரில் யார் குடியிருக்கிறார்கள் என்ற முன்னறிவும் வேண்டும். இந்தக் குருவிகள் கடலைத் தாண்டி வேறு தீவுக்குப் போவது மிக அரிது. ஆகவே ஒரு பருவம் முழுக்கத் தேடியும் ஒரு பறவை கண்ணில் படவில்லை என்றால் அது இறந்துவிட்டது என்று எழுதலாம். பெரும்பாலான நாடுகளில் பறவை ஆய்வாளர்களுக்குக் கிடைக்காத உறுதி இது. காணாமல் போனது செத்ததா, வேறிடம் போனதா என்று அவர்களால் பிரிக்க முடிவதில்லை.

அந்த உறுதியின்மேல்தான் பெரிய கண்டுபிடிப்புகள் எழுந்தன. நெதர்லாந்து ஆய்வாளர் யான் கோம்டர் 1980களில் இங்கே தொடங்கிய வேலையிலிருந்து, வளர்ந்த மகள்கள் பெற்றோரிடமே தங்கித் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டுவதும், பூச்சி நிறைந்த இடத்தில் வாழும் தாய் பெரும்பாலும் பெண்குஞ்சும், வறண்ட இடத்தில் வாழும் தாய் பெரும்பாலும் ஆண்குஞ்சும் பெறுவதும் தெரியவந்தன. உதவிக்கு நிற்கும் மகள் வளமான இடத்தில் வரவு, வறண்ட இடத்தில் சுமை. உலகின் உயிரியல் பாடங்களில் இடம்பெறும் இந்தச் செய்தியின் பின்னால், எந்தப் புதரில் எந்தக் குருவி இல்லை என்று குறித்துவைத்தவர்களின் பல ஆண்டுப் பொறுமை இருக்கிறது. ஆய்வேட்டில் அவர்கள் பெயர் நன்றியுரையில் ஒரு வரியோடு முடிந்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை.

கடற்கரையில் இதே வேலை வேறு வடிவில் நடக்கிறது. மற்ற கடல்களில் அழுங்காமை பெரும்பாலும் இரவில் கரையேறும். செஷல்ஸில் பகலிலேயே வருகிறது. சுமார் செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி, மார்ச் வரை நீளும் பருவத்தில் காவலர்கள் வெயிலிலும் மழையிலும் கரையைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறார்கள். ஆமை ஏறி, குழி தோண்டி, முட்டையிட்டு, மூடி, கடலுக்குத் திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆகலாம். அதற்குள் துடுப்பில் இருக்கும் உலோகத் தகட்டின் எண்ணைப் படிக்க வேண்டும். தகடு இல்லையென்றால் பொருத்த வேண்டும். வந்துபோன பிறகு போய்ச் சேர்ந்தால் தடத்தைப் படிக்க வேண்டும். முட்டையிட்ட தடம் எது, ஏறிப் பார்த்துவிட்டு மனம் மாறித் திரும்பிய தடம் எது என்பது மணலைப் பழகிய கண்ணுக்குத்தான் பிடிபடும். முட்டையிடாத தடமும் பதிவேட்டில் ஏறுகிறது. 1970களின் தொடக்கத்திலிருந்து இந்தப் பதிவு நடந்துவருகிறது. 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கசினில் முட்டையிட வரும் அழுங்காமைகள் அந்தக் காலத்தைவிட எட்டு மடங்கு கூடியிருப்பதைக் காட்டியது. அப்படிக் காட்ட முடிந்ததற்குக் காரணம், ஆமை குறைவாக வந்த ஆண்டுகளிலும் யாரோ ஒருவர் வெறும் மணலைச் சுற்றிவந்து எழுதிவைத்ததுதான். ஆமை மிகுந்த பிறகு எண்ணத் தொடங்கியிருந்தால் எதனோடு ஒப்பிடுவது?

ஆமை கூடியதற்குச் சட்டம்தான் காரணம், காவலர் அல்ல என்று ஒருவர் சொல்லலாம். 1994இல் செஷல்ஸ் அரசு அழுங்காமை ஓட்டு வணிகத்தை முற்றாகத் தடைசெய்தது உண்மை. அதன் பயனை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் தடைக்கு முந்தைய ஆண்டுகளில், காவல் இல்லாத உள்தீவுகளில் முட்டையிட வரும் ஆமைகள் குறைந்துகொண்டே போக, காவல் இருந்த கசினில் கூடின. அழுங்காமை முட்டையிடும் வயதை எட்டவே பல பத்தாண்டுகள் ஆகும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கரையேறிய ஆமைகளில் பல, சட்டம் வருமுன் யாரோ காத்த குழிகளிலிருந்து கடலுக்குப் போனவையாகவே இருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதைவிட ஆழமானது: இயற்கையை இயற்கையிடமே விட்டுவிட்டால் என்ன, மனிதர் எதற்கு? கசினே இதற்கு விடை சொல்கிறது. விட்டுவிட்டால் விழுந்த தேங்காய்கள் முளைத்து மறுபடியும் தோப்பாகும். முளைக்கிற கன்றுகளைப் பிடுங்கியாக வேண்டும். ஃபிரிகேட் தீவில் 1995 வாக்கில் பழுப்பு எலி ஏறிவிட்டது. விஷ இரை வைத்து ஒழித்துக்கட்ட 2000 ஆண்டு வரை ஆனது. உலகில் இருந்த செஷல்ஸ் குண்டுக்கரிச்சான்களில் பெரும்பகுதி அப்போது அந்தத் தீவில்தான். எலி இல்லை என்ற நிலை தானாக நிலைப்பதில்லை, ஒவ்வொரு படகின்போதும் அதைக் காக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் கைவைப்பது காவல் ஆகாது. பிசோனியா மரத்தைப் பாருங்கள். நம் வீட்டுத் தோட்டங்களில் லச்சகொட்டைக் கீரை என்று வளர்ப்பதும் அதன் உறவே. இதன் இலையில்தான் கதிர்க்குருவிக்கு இரை; இதன் கிளையில்தான் நாடி எனப்படும் கரிய ஆலாக்கள் கூட்டங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அதே மரத்தின் பிசுபிசுத்த விதைக்கொத்துகள் ஆலாக்களின் இறகில் ஒட்டிப் பறக்கவிடாமல் செய்து கொல்லவும் செய்கின்றன. இரக்கத்தோடு பார்க்கிறவருக்கு மரத்தை வெட்டத் தோன்றும். வெட்டினால் குருவியும் போகும், ஆலாவின் கூடும் போகும். தென்னைக் கன்றைப் பிடுங்கும் கை பிசோனியாவின் முன் நின்றுவிடுவதற்குத் தீவைப் பல பருவம் பார்த்த அறிவு வேண்டும். தொழில் என்று நான் சொல்வது இந்த அறிவையும் சேர்த்துத்தான்.

கேமராவும் டிரோனும் வந்துவிட்ட காலத்தில் ஆள் எதற்கு என்ற கேள்வியும் வருகிறது. மனிதர் தங்க முடியாத கரைகளுக்கு அவை நல்ல துணை. இரவுக் குரல்களைப் பதிவுசெய்யும் கருவிகளும் அப்படியே. ஆனால் சட்டகத்துக்குள் வராததைப் பற்றிக் கேமரா எதுவும் சொல்வதில்லை. படத்தில் ஆமை இல்லை என்றால் அந்தச் சட்டகத்தில் இல்லை என்றுதான் பொருள். தீவில் இல்லை என்று சொல்ல, கரை முழுக்க நடந்தவர் வேண்டும்.

காவலருக்கு எட்டாததும் உண்டு. 1998இல் கடல் சூடேறி செஷல்ஸின் பவளத்திட்டுகள் வெளிறிச் செத்தன. கசினை அடுத்த கடலில் பவளத் துண்டுகளை நாற்றங்கால் போட்டு வளர்த்து ஆயிரக்கணக்கில் நட்டார்கள். 2016இல் மறுபடியும் வெப்பம் தாக்கியது. எழுபது ஏக்கருக்குக் குறைவான நிலத்தில் நின்றுகொண்டு கடலின் சூட்டைத் தணிக்க யாராலும் முடியாது. அப்படியானால் இந்தக் காவல் வீண் என்று முடிவுகட்டுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு இழந்தோம் என்று தெரிவதே இவர்கள் வைத்திருக்கும் கணக்கால்தான்.

பணம் என்ற கேள்விக்கு மட்டும் நல்ல விடை இன்னும் இல்லை. தீவை நடத்தும் நேச்சர் செஷல்ஸ் அமைப்புக்குப் பார்வையாளர் கட்டணம் முக்கிய வருவாய். 2020இல் கொரோனாவால் சுற்றுலா நின்றபோது அந்த வருவாயும் நின்றது. அழுங்காமைகள் வழக்கமான பருவத்தில் வந்தன; தேங்காய்கள் முளைத்தன; கரையைச் சுற்ற ஆள் தேவைப்பட்டது. யாரும் பார்க்க வராத ஆண்டிலும் நடந்தாக வேண்டிய வேலைக்கு, பார்க்க வருகிறவர் தரும் காசில் சம்பளம் ஒதுக்குவது தவறான அமைப்பு. நுழைவுக் கட்டணம் படகுக்கும் பாதைக்கும் போகட்டும். காவலரின் சம்பளத்துக்கென்று தொடாத மூலதனம் ஒன்றைத் தனியே வைக்க வேண்டும். இந்தத் தீவின் பதிவேடுகளிலிருந்து ஆய்வேடுகளை எழுதிக்கொண்ட பல்கலைக்கழகங்களும், மாநாடுகளில் கசினை முன்னுதாரணமாகக் காட்டும் அரசுகளும் அந்த மூலதனத்தில் முதலில் பங்கு போட வேண்டியவர்கள்.