தீக்குச்சிக் கணக்கு

கோவில்பட்டியில் நான் கல்லூரியில் கணிதம் எடுத்த காலம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகிற பையன் ஒருவன், தீக்குச்சிச் சுடர் வளர்வதை ரூங்கே-குட்டா முறையில் கணக்கிட்டான். ஆக்சிஜன் வருவது சுடரின் பரப்பு வழியே, ஆரத்தின் வர்க்கம். எரிந்து தீர்வது உள்ளே, ஆரத்தின் கனம். இரண்டும் சமமானால் சுடர் அப்படியே நிற்கும்.

"சுடர் நின்ன பிறகு விடை ஏன் சார் ஆடுது? அடியைச் சின்னதாக்கினாத்தான் சரியா வருது" என்றான்.

"புரோகிராம்ல தப்பு, போய்ப் பாரு" என்று மார்க்கைக் குறைத்தேன்.

ஓய்வுபெற்ற பின், ஆக்டேவ் என்னும் இலவச மென்பொருளில் அதே கணக்கைப் போட்டேன். தொடக்க ஆரம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஓடிஇ45 நின்றுபோன சுடரின் மேல் ஆயிரக்கணக்கான அடி வைத்து ஊர்ந்தது. ஓடிஇ23எஸ் சுமார் நூறு அடியில் முடித்தது. சட்டென்று அடங்கும் தன்மை சமன்பாட்டுக்குள் இருந்தால், சாதாரண முறை பெரிய அடி வைக்கும்போது தடுமாறும். இதற்கு 'ஸ்டிஃப்' என்று கர்டிஸ்ஸும் ஹிர்ஷ்ஃபெல்டரும் 1952-லேயே பெயர் வைத்துவிட்டார்கள்.

பையன் எழுதியதில் தப்பே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத என் மேல்தான் தப்பு. இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு போன் பண்ணப்பா. அந்த மார்க் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.